எண்கோண முத்திரை

குருநாகலிலிருந்து கண்டிக்கு வரும் பாதை, மாவத்தகமையைத் தாண்டிய பின் சமவெளியை விட்டு மலையின்மீது ஏறத் தொடங்குகிறது. வளைவுக்கு மேல் வளைவாக ஏறி, அது வந்து மூச்சு வாங்கும் இடமே எங்கள் கலகெதர. கண்டி அரசர் காலத்தில் தலைநகரைக் காத்து நின்ற கணவாய்களுள் இதுவும் ஒன்று. அந்நியப் படைகளைக் களைக்கச் செய்த அதே ஏற்றம் பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளையும் களைக்கச் செய்தது. லொறிகளும் பஸ்களும் நீர் கொதித்து நின்று, பாதையோரத்துப் பீலியில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டு புறப்படுவது என் பிள்ளைப் பிராயத்தில் அன்றாடக் காட்சியாகும்.

அத்தகைய ஒரு நாளிலேதான் நான் அந்தச் சிறு வண்டியைக் கண்டேன். அது மற்ற வண்டிகளைப் போன்றதன்று. நிலத்தோடு ஒட்டித் தாழ்ந்திருந்தது, கூரை திறந்திருந்தது, சைக்கிள் சில்லுகளைப் போலக் கம்பிகள் பாய்ந்த உயரமான சில்லுகள், நீண்ட மூக்கு, முதுகிலே மூட்டை சுமப்பது போலப் பின்புறம் கட்டியிருந்த பெற்றோல் தாங்கி. முகப்பிலே எட்டு மூலைகள் கொண்ட ஒரு முத்திரையும் அதனுள்ளே இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருந்தன. வண்டியை ஓட்டி வந்தவர் ஒரு பழைய தகரத்தை என்னிடம் நீட்டினார். நான் பீலிக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்தேன். அதற்குள் லொறிச் சாரதி ஒருவர் இறங்கி வந்துவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் எவருக்கும் அந்த வண்டியில் பங்கில்லை. ஆயினும் எல்லோர் முகத்திலும் சொந்தக்காரரின் பெருமிதம் ஒன்று மின்னிற்று. இந்த முத்திரையைப் பொறித்தவர் யார் என்று அன்று என் மனத்தில் எழுந்த கேள்விக்கு விடை கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. விடை கிடைத்தபோது, அந்தப் பெருமிதத்தின் பொருளும் எனக்கு ஓரளவு விளங்கிற்று. அம் மனிதரின் வரலாற்றையே இங்கு சொல்லப் புகுகின்றேன்.

ஊனமும் உந்துதலும்

சிசில் கிம்பர் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆந் திகதி லண்டனிலே பிறந்தார். தந்தையார் ஹென்றி கிம்பர் அச்சுத் தொழிலோடு சேர்ந்த மை வாணிபம் நடத்தியவர். குடும்பம் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியிலுள்ள மான்செஸ்டர் வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தது. மகனும் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு தந்தையாரின் தொழிலிலேயே சேர்ந்தார். பகலெல்லாம் மையும் கணக்குமாகக் கழிந்தது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மோட்டார் சைக்கிளே அவருடைய உலகமாயிற்று.

1910ஆம் ஆண்டில் அவர் ஏறிச் சென்ற மோட்டார் சைக்கிள் ஒரு காரோடு மோதியது. வலது கால் நொறுங்கிற்று. காலையே துண்டித்துவிட நேருமோ என்னும் அளவுக்கு நிலைமை முற்றியது. நெடுநாட் சிகிச்சைக்குப் பின் கால் தப்பியது, ஆனால் குட்டையாகிவிட்டது. அன்று தொடங்கி இறுதிவரை அவர் சாய்ந்து சாய்ந்தே நடந்தார். இருபத்திரண்டு வயதிலே இத்தகைய துன்பம் நேருமாயின், வேகத்தின் பெயரைக் கேட்டாலே வெறுப்புக் கொள்பவரே நம்மிற் பலர். கிம்பரோ, நட்டஈடாகக் கிடைத்த பணத்தைக் கொண்டு 1913ஆம் ஆண்டில் சிங்கர் என்னும் சிறு கார் ஒன்றை வாங்கினார். இரண்டு சில்லில் இழந்ததை நான்கு சில்லில் தேடப் புறப்பட்டார் என்றே சொல்ல வேண்டும்.

அப்பணத்தை நலிந்துகொண்டிருந்த குடும்ப வாணிபத்திலே போடுமாறு தந்தையார் கேட்டார், மகன் மறுத்தார். அதன்பின் தந்தையார் மகனோடு பேச்சையே நிறுத்திவிட்டார். வீட்டை விட்டு வெளியேறிய கிம்பர் 1914இல் ஷெஃபீல்ட் நகரிலிருந்த ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் உதவியாளராகச் சேர்ந்தார். 1915இல் ஐரீன் ஹன்ட் என்னும் மங்கையை மணந்தார். பின் வேறு சில நிறுவனங்களிலும் பணியாற்றித் தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்றார். பொறியியற் பட்டம் எதுவும் அவர் பெற்றதில்லை. ஆனால் ஒரு வண்டியின் கோடு எங்கே வளைய வேண்டும், எங்கே நேராக ஓட வேண்டும் என்பதை அறியும் கண் அவருக்கு இயற்கையிலேயே வாய்த்திருந்தது. சிற்பிக்குக் கல்லிலே தெரியும் உருவம் இவருக்குத் தகட்டிலே தெரிந்தது.

கராஜிலே பிறந்த கனவு

1921ஆம் ஆண்டில் கிம்பர் ஒக்ஸ்போர்ட் நகரிலுள்ள மொரிஸ் கராஜ் என்னும் நிறுவனத்தில் விற்பனை மனேஜராக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே பொது மனேஜராக உயர்ந்தார். சைக்கிள் திருத்தும் தொழிலிலிருந்து தொடங்கி, கௌலியில் பெரும் கார்த் தொழிற்சாலை நிறுவும் அளவுக்கு வளர்ந்த வில்லியம் மொரிஸுக்குத் தனிச் சொத்தாக இருந்தது அந்தக் கராஜ். கார்களை விற்பதும் திருத்துவதுமே அதன் வேலை. புதிதாக எதையும் ஆக்குவதன்று.

ஆனால் கிம்பருக்கு விற்பதோடு மனம் அமையவில்லை. மொரிஸ் வண்டி உறுதியானது, மலிவானது. சாதாரணக் குடும்பத்தவர் நம்பி வாங்கக்கூடியது. அதற்கு அழகும் துடிப்பும் கொடுத்தால் என்ன என்று அவர் எண்ணினார். மொரிஸ் வண்டியின் அடிச்சட்டத்தைத் தாழ்த்தி, தாங்குவில்களைச் சீர்செய்து, மேலே புதிய உடற்கூடு ஒன்றைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். மொரிஸ் கராஜின் முதலெழுத்துகளான எம்.ஜி. என்பதே இவ்வண்டிகளின் பெயராயிற்று. கணக்குப் பிரிவில் பணியாற்றிய டெட் லீ என்பவர் அவ்விரு எழுத்துகளையும் ஓர் எண்கோணத்துக்குள் வரைந்து கொடுத்தார். 1924இல் அம்முத்திரை வழக்குக்கு வந்தது. நான் கலகெதர வளைவிலே கண்ட முத்திரை அதுவே.

1925ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், தாமே ஆக்குவித்த ஒரு தனி வண்டியை ஓட்டிக்கொண்டு கிம்பர் லண்டனிலிருந்து லான்ட்ஸ் எண்ட் வரை நடைபெறும் சோதனை ஓட்டத்திலே கலந்துகொண்டார். இது பந்தயமன்று. இரவெல்லாம் ஓட்டி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள செங்குத்தான ஏற்றங்களை நிற்காமல் ஏறிக் கடக்க வேண்டும். இடையிலே வண்டி நின்றுவிட்டால் புள்ளி போய்விடும். நம் மலைநாட்டுச் சாரதிகளுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். கிம்பர் தங்கப் பதக்கத்தோடு திரும்பினார். ஊனமுற்ற காலோடு பிரேக்கையும் கிளச்சையும் மிதித்து அவர் பெற்ற அப்பதக்கம், தம்முடைய வழி சரியானது என்னும் உறுதியை அவருக்கு அளித்திருக்க வேண்டும்.

எளியவர்க்கும் எட்டிய வேகம்

அக்காலத்தில் விளையாட்டுக் கார் என்பது செல்வரின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. பென்ட்லி போன்ற வண்டிகளின் விலை ஆயிரம் பவுணைத் தாண்டியது. குமாஸ்தாவும் இளம் வைத்தியரும் பள்ளி ஆசிரியரும் அவற்றை வேலிக்கு அப்பால் நின்று பார்க்கலாம், அவ்வளவே.

1928ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பியா மண்டபத்திலே நடந்த மோட்டார்க் கண்காட்சியில் கிம்பர் மிட்ஜெற் என்னும் சின்னஞ்சிறு வண்டியை வைத்தார். மொரிஸ் மைனர் என்னும் சிறு காரின் அடிச்சட்டமும், 847 கன சென்றிமீற்றர் கொண்ட அதன் எஞ்சினுமே அதற்கு ஆதாரம். உடற்கூடு ஒட்டுப்பலகையாலும் துணியாலும் ஆனது. பின்புறம் படகின் முனைபோலக் கூர்ந்திருந்தது. எஞ்சினின் வலு ஏறக்குறைய 20 குதிரை வலுவே. விலை 175 பவுண். பெரிய வண்டிகளின் பக்கத்தில் வைத்தால் குழந்தை போலத் தோன்றிய அதனைக் கண்டு சிலர் நகைத்திருக்கலாம். ஆனால் வாங்க வந்தவர்களின் கூட்டம் நகைப்பை அடக்கிவிட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. சம்பளக்காரனும் சேமித்து வாங்கக்கூடிய விளையாட்டுக் கார் ஒன்று உலகுக்குக் கிடைத்தது.

1929இல் ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகிலுள்ள அபிங்டன் என்னும் சிற்றூரிலே, தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றின் கட்டடங்களுக்குத் தொழில் மாற்றப்பட்டது. அங்கே உருவான கூட்டத்தைக் கிம்பரின் இரண்டாவது குடும்பம் எனலாம். ஏவல் வேலைக்கு வந்த சிறுவனான சிட் எனெவர் அக்கூட்டத்திலே வளர்ந்து, பிற்காலத்தில் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராகவே ஆனார். பட்டம் பெறாத தலைவர் பட்டம் பெறாத பிள்ளைகளிடத்திலே திறமையைத் தேடிக் கண்டெடுத்தார் என்பது கருதத்தக்கது. பாதுகாப்போடு விரைவு என்னும் பொருள்பட ஒரு குறிக்கோள் வாசகத்தையும் அவர் நிறுவனத்துக்கு வைத்தார். கால் நொறுங்கிய மனிதர் வைத்த வாசகம் அது என்பதை நினைக்கும்போது அதன் கனம் புலப்படும்.

கழகம் பிறந்தது

இனி, இவ்வரலாற்றின் உயிர்நிலைக்கு வருகின்றேன். வண்டி வாங்கியவர்கள் அதனை வீட்டு வாசலிலே நிறுத்தி அழகு பார்ப்பதோடு அமையவில்லை. தம்மைப் போலவே அதே வண்டியை வைத்திருக்கும் மற்றவர்களைத் தேடத் தொடங்கினார்கள். மோட்டார்ப் பத்திரிகையொன்றிலே வெளியான ஒரு கடிதத்தை அடுத்து, 1930ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12ஆந் திகதி, லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜுக்கு அண்மையிலுள்ள ஒரு விடுதியிலே எம்.ஜி. கார்க் கழகம் கூடிற்று. கணக்காளர் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்த ஜோன் தோர்ன்லி என்னும் இளைஞர் அதன் செயலாளரானார்.

முதலாளிகளிற் பலர் வாடிக்கையாளர் ஒன்றுகூடுவதை விரும்புவதில்லை. கூடினால் குறைகளும் கூடும் என்பது அவர்களின் அச்சம். கிம்பர் அப்படி எண்ணவில்லை. கழகத்துக்கு ஆதரவு நல்கினார். 1931இல் தோர்ன்லியையே நிறுவனத்தில் வேலைக்கும் அமர்த்திக்கொண்டார். செய்பவனுக்கும் செலுத்துபவனுக்கும் இடையில் ஒரு கதவு திறந்தே இருந்தது.

அக்கழகத்தின் அலுவல்கள் பகட்டானவையல்ல. சனி ஞாயிறுகளில் கூடி மலையேற்றச் சோதனைகள் நடத்துவார்கள்; சேற்றுப் பாதைகளிலே வண்டியைச் செலுத்துவார்கள்; ஒருவன் வண்டி பழுதாகிவிட்டால் நால்வர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதனடியிலே படுப்பார்கள்; மாலையில் சேர்ந்து உணவருந்துவார்கள். நாளடைவில் கிளைகள் பல ஊர்களிலும் பின்னர் பல நாடுகளிலும் தோன்றின. அக்காலத்து இலங்கையிலும் அதே ஆர்வம் பரவியிருந்தது. நுவரெலியாவிலே மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி தொடங்கியது 1934ஆம் ஆண்டிலாகும். குளிர்ந்த மலைக்காற்றில், சித்திரை மாதத்து வசந்த விழாக் கூட்டத்தின் நடுவே, வண்டிகள் ஒவ்வொன்றாக வளைவுகளைக் கடந்து ஏறும் அந்தக் காட்சி பல தலைமுறைகளை மயக்கியிருக்கிறது.

வேகத்தின் உச்சி

1930ஆம் ஆண்டுகளின் முற்பாதி கிம்பரின் பொற்காலம். 1931 பெப்ரவரியில், பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள மொன்லேரி வட்டப் பாதையில், ஜோர்ஜ் ஐஸ்டன் என்னும் வீரர் 750 கன சென்றிமீற்றர் வகையைச் சேர்ந்த எம்.ஜி. வண்டியை மணிக்கு 100 மைலுக்கு மேல் செலுத்தினார். அத்தனை சிறிய எஞ்சின் அவ்வேகத்தை எட்டியது அதுவே முதன்முறை. அதே ஆண்டு செப்டெம்பரில், ஒரு மணி நேரத்துக்குள் 100 மைல் தூரத்தையும் அவர் கடந்தார். அதனை முடித்த தறுவாயில் வண்டி தீப்பற்றிக்கொள்ள, ஓடும் வண்டியிலிருந்து உருண்டு விழுந்து, தீப்புண்களோடு உயிர் தப்பினார்.

1933இல் இத்தாலியின் புகழ்பெற்ற ஆயிரம் மைல் பந்தயமான மில்லே மில்லியாவிலே கே 3 என்னும் எம்.ஜி. வண்டிகள் தம் வகுப்பிலே முதலிடத்தையும் அணிப் பரிசையும் வென்றன. இத்தாலியர் அல்லாதார் அந்த அணிப் பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. அதே ஆண்டில் வட அயர்லாந்தில் நடந்த ரூரிஸ்ட் றொபிப் பந்தயத்திலே, அக்காலத்தின் ஒப்பற்ற ஓட்டவீரரான இத்தாலியர் தாசியோ நுவோலாரி, கே 3 வண்டியைச் செலுத்தி வெற்றி பெற்றார். அபிங்டனிலே ஏவற் சிறுவராக இருந்தவர்களின் கைகள் முறுக்கிய திருகாணிகள் ஐரோப்பாவின் மாபெரும் வீரனைச் சுமந்து சென்றன.

இந்த வெற்றிகளை எண்ணி மகிழும்போது ஒன்றை மறைப்பதும் முறையாகாது. பந்தயத்துக்குப் பணம் நீராய்ச் செலவாயிற்று. வண்டி வகைகள் மிகப் பலவாகப் பெருகின; விற்பனையோ குறைந்து வந்தது. கிம்பரின் உள்ளம் கணக்கேட்டைவிட ஓட்டப் பாதையையே அதிகம் நாடிற்று. இளமையிலே கணக்குப் பார்த்துப் பழகியவர் என்பதால், இதனை அவர் அறியாமற் செய்தார் என்று சொல்லவும் இயலாது.

கைநழுவிய தொழில்

எம்.ஜி. நிறுவனத்தை உருவாக்கியவர் கிம்பர். ஆனால் அதன் உரிமையாளர் அவரல்லர். உடைமை முழுவதும் வில்லியம் மொரிஸ் அவர்களுடையதே. 1935ஆம் ஆண்டு ஜூலையில் மொரிஸ் தம் தனிச் சொத்தாக இருந்த எம்.ஜி. நிறுவனத்தைத் தமது பெரிய நிறுவனமான மொரிஸ் மோட்டார்ஸுக்கு விற்றுவிட்டார். அங்கே நிர்வாகத்தை நடத்தி வந்த லெனார்ட் லோர்ட் செலவைக் கணக்கிட்டு நடப்பதிலே கண்டிப்பானவர். அவர் வந்து பார்த்தார். பந்தயப் பிரிவை மூடினார். வரைபட அலுவலகத்தைக் கௌலிக்கு மாற்றினார். நான்கு சில்லுகளும் தனித்தனியே தாங்கப்படும் புதுமுறையில் அவ்வாண்டே உருவாகியிருந்த ஆர் வகைப் பந்தய வண்டி வளர வழியின்றி நின்றது. நிர்வாக இயக்குநராக இருந்த கிம்பர் பொது மனேஜர் என்னும் நிலைக்கு இறக்கப்பட்டார்.

தாம் கட்டிய வீட்டிலே தாமே வாடகைக்கு இருப்பவர் போல அவர் தங்கினார். 1936இல் வந்த ரீ வகை மிட்ஜெற் வண்டி கௌலியாரின் உறுப்புகளைக் கொண்டே ஆக்கப்பட்டது. பழைய அன்பர்கள் முதலில் முகஞ்சுளித்தார்கள். ஓட்டிப் பார்த்தபின் ஏற்றுக்கொண்டார்கள். பந்தயம் நின்றுபோனாலும், கழகத்தார் விரும்பும் மலையேற்றச் சோதனைகளில் எம்.ஜி. அணிகள் தொடர்ந்து பங்குபற்றின. 1939 மே மாதத்தில் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நெடுஞ்சாலையிலே கோல்டி கார்ட்னர் என்பார் 1100 கன சென்றிமீற்றர் எம்.ஜி. வண்டியை மணிக்கு 200 மைலுக்கு மேல் செலுத்தி உலகை வியக்கச் செய்தார். இடையில் 1938இல் நெடுநாள் நோயுற்றிருந்த மனைவி ஐரீன் காலமானார். அவ்வாண்டிலேயே கிம்பர் மறுமணம் செய்துகொண்டார்.

அடுத்த ஆண்டு போர் மூண்டது. கார் உற்பத்தி நின்றது. அபிங்டன் தொழிலாளர் வேலையின்றிக் கலைந்துபோகாதிருக்க வேண்டுமென்று கிம்பர் ஓடியாடிப் போர்க்கால வேலைகளைத் தேடினார். அல்பமார்ல் என்னும் போர் விமானத்தின் முன்பகுதியை அமைக்கும் வேலையைப் பெற்றுக்கொண்டார். மேலிடத்தின் அனுமதியின்றி அவ்வேலையைப் பெற்றது குற்றமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1941ஆம் ஆண்டு நவம்பரில் மேலிடத்தைச் சேர்ந்த மைல்ஸ் தோமஸ் அபிங்டனுக்கு வந்து, இனி அவருடைய சேவை தேவையில்லை என்பதைத் தெரிவித்தார். ஒக்ஸ்போர்ட் கராஜிலே கால்வைத்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. கிம்பருக்கு அப்போது வயது 53.

வாசகர்களே, நம் ஊரிலும் இத்தகையோரைக் கண்டிருக்கின்றோம். தோட்டத்தைத் தளிர்க்கச் செய்த கணக்கப்பிள்ளை, பத்திரம் கைமாறிய மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவதைக் கண்டிருக்கின்றோம். மேலிடத்துக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். பெரிய இயந்திரத்திலே ஒரு சில்லு தன் விருப்பப்படி சுழல முடியாது. ஆயினும், உருவாக்கியவனை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தும் நியாயம் நெஞ்சுக்கு இதமளிப்பதில்லை.

சுரங்க வாயில்

கிம்பர் மனமுடைந்து மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. உடற்கூடு கட்டும் நிறுவனமொன்றிலே சில காலம் பணியாற்றினார். பின் எஞ்சின் பிஸ்டன்களை ஆக்கும் ஸ்பெஷலொயிட் நிறுவனத்தில் சேர்ந்தார். போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் கார்களைப் பற்றிச் சிந்திக்கும் காலம் வந்துகொண்டிருந்தது.

1945ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அலுவல் நிமித்தமாகப் பீற்றர்பறோ நகருக்குச் செல்ல, லண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்திலிருந்து மாலை 6 மணிக்குப் புறப்படும் லீட்ஸ் புகையிரதத்தில் அவர் ஏறி அமர்ந்தார். பதினேழு பெட்டிகள் கொண்ட நெடிய வண்டி அது. நிலையத்தை விட்டதும் பாதை ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து மேலேறுகிறது. சுரங்கத்தினுள்ளே எஞ்சினின் சில்லுகள் பிடியின்றி வழுக்கின. வண்டி நின்றது, பின் மெல்ல மெல்லப் பின்னோக்கி நகரத் தொடங்கியது. கரும்புகையிலும் இருளிலும் அதனைச் சாரதியால் உணர முடியவில்லை. பின்னால் வரும் வண்டியைக் கண்ட சைகைக்காரர், வெறுமையாயிருந்த ஒரு மேடைக்கு அதனைத் திருப்பிவிட முயன்றார். ஆனால் கடைசிப் பெட்டி அதற்குள் அவ்விடத்துக்கு வந்துவிட்டது. அது தடம் புரண்டு சைகைத் தூணிலே மோதியது. அத்தனை பெட்டிகளில் இருந்தவர்களுள் இருவரே உயிரிழந்தனர். அவ்விருவருள் ஒருவர் சிசில் கிம்பர். வயது 56.

மணிக்கு இருநூறு மைல் வேகத்தை எட்டிய வண்டிகளோடு பெயர் பிணைந்திருந்த மனிதர், ஊர்ந்து பின்னோக்கிச் சென்ற ஒரு புகையிரதத்திலே மாண்டார். சுரங்க வாயிலில் நிகழ்ந்த இதனை ஊழ் என்போமா, தற்செயல் என்போமா? எப்படிச் சொன்னாலும் மனம் அமைதி கொள்வதில்லை.

எஞ்சி நிற்பது

கிம்பர் மறைந்த அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே அபிங்டன் மீண்டும் கார்களை ஆக்கத் தொடங்கியது. ரீ.ஸி. என்று பெயர் பெற்ற அவ்வண்டி, அவர் காலத்து மிட்ஜெற்றின் அமைப்பை அப்படியே ஏந்தி வந்தது. ஏறக்குறைய 10,000 வண்டிகள் ஆக்கப்பட்டு உலகின் பல திசைகளுக்கும் சென்றன. அமெரிக்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 2,000 சென்றன. அந்நாட்டிலே விளையாட்டுக் கார்க் கழகங்கள் பெருகுவதற்கு அச்சிறு வண்டியும் ஒரு காரணமாயிற்று. நான் கலகெதரவிலே தண்ணீர் ஊற்றிய வண்டி அந்த ரீ.ஸி. வகையே என்பதை, பிற்காலத்தில் படங்களைப் பார்த்து அறிந்துகொண்டேன்.

கழகத்தின் முதற் செயலாளராயிருந்த ஜோன் தோர்ன்லி 1952இல் எம்.ஜி. நிறுவனத்தின் பொது மனேஜராக உயர்ந்தார்; 1969 வரை அப்பதவியிலே இருந்தார். அவர் நிர்வாகத்திலும் சிட் எனெவரின் பொறியியற் பொறுப்பிலுமே 1962இல் எம்.ஜி.பி. வண்டி வெளிவந்தது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் அது ஆக்கப்பட்டது. உடைமையாளர் கிம்பரை வெளியேற்றினார்கள். ஆனால் அவர் கூட்டிய மனிதர்களை அவர்களால் வெளியேற்ற முடியவில்லை. கழகத்திலிருந்து வந்த இளைஞரும் ஏவல் வேலைக்கு வந்த சிறுவருமே அவர் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

1980ஆம் ஆண்டு அக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. முத்திரை மட்டும் பல கைகளுக்கு மாறி, 2005இல் சீன தேசத்து நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. இன்று அந்த எண்கோணத்தைத் தாங்கி மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. முத்திரையை வாங்கலாம், விற்கலாம். கழகத்தை யாரும் வாங்கவில்லை. அது விற்பனைக்கு வரவுமில்லை. இன்றும் பல நாடுகளில் அதன் கிளைகள் உள்ளன. அன்பர்கள் பழைய வண்டிகளின் பதிவேடுகளைக் காத்து வருகிறார்கள். அரிதான உறுப்புகளைத் தேடிக் கொடுக்கிறார்கள். மலையேற்றச் சோதனைகளை நடத்துகிறார்கள். அவர்களுடைய சஞ்சிகை கிம்பர் வைத்த அதே குறிக்கோள் வாசகத்தைத் தன் பெயராகக் கொண்டுள்ளது. கழகத்தின் தலைமையகம் அபிங்டனிலேயே இருக்கிறது. அக்கட்டடத்துக்குக் கிம்பர் இல்லம் என்று பெயர். அவரைப் பணியிலிருந்து நீக்கிய ஊரிலே, அவர் பெயரைத் தாங்கிய வீட்டைக் கட்டிவைத்தவர்கள் அவருடைய வண்டிகளை நேசித்தவர்களே.

அண்மையில் ஒருநாள் நான் பழைய வளைவிலே நின்றுகொண்டிருந்தேன். பாதை அகன்றுவிட்டது, ஏற்றத்திலே நீர் கொதித்து நிற்கும் வண்டிகளை இப்போது காண்பது அரிது. எண்கோண முத்திரை பதித்த புதிய மின்சாரக் கார் ஒன்று ஓசையின்றி ஏறி வந்து, ஓசையின்றியே கண்டிப் பக்கம் சென்று மறைந்தது. அதனை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் சாரதிக்குத் தண்ணீர் தேவைப்படவுமில்லை. அன்று லொறியிலிருந்து இறங்கி வந்தவரின் முகத்தையும், என் கையிலிருந்த தகரத்தையும் நினைத்துக்கொண்டு நான் சிறிது நேரம் அங்கேயே நின்றேன். பாதையோரத்துப் பீலி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.